வயிறு நிறைந்தால் போதுமா? ரேஷன் அரிசிக்கும் குழந்தையின் வளர்ச்சிக்கும் நடுவில் நடப்பவை

டீக்கடையில் ரேஷன் அரிசி பற்றிப் பேச்சு வந்தால் சட்டென்று இரண்டு கட்சி உருவாகிவிடும். "மாசா மாசம் அரிசி சும்மா கிடைக்குது, இந்தக் காலத்துல எவன் பட்டினி கிடக்கிறான்?" என்பார் ஒருவர். "சத்துணவு போட்டு நாட்டுக்கே வழிகாட்டுன மாநிலம்யா இது" என்பார் மற்றவர். இருவர் சொல்வதிலும் உண்மை உண்டு. ஆனால் 2019-21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பை எடுத்து வைத்தால் இருவரும் கொஞ்சம் திணறுவார்கள். தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 25 சதவீதம் பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குள் இருக்கும் குழந்தைகளில் 57.4 சதவீதம் பேருக்கு இரத்தசோகை.

அனைத்திந்தியக் கணக்கு இதைவிட மோசம் (உயரக் குறைவு 35.5, இரத்தசோகை 67.1 சதவீதம்) என்று ஆறுதல் பட்டுக்கொள்ளலாம். இருந்தாலும், உலை வைக்க அரிசி இல்லாத வீடு அரிதாகிவிட்ட மாநிலத்தில் நாலு குழந்தைக்கு ஒன்று ஏன் வளராமல் நிற்கிறது என்ற கேள்வி அப்படியேதான் இருக்கிறது. பசி வேறு, சத்துக்குறை வேறு. இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டிப் பேசுவதால் வரும் குழப்பம் இது. மூட்டையைப் பிரிப்போம்.

## யூரியா மட்டும் போட்ட வயல்

நெல் போட்டவர்களுக்கு இது உடனே புரியும். யூரியாவை அள்ளி வீசினால் பயிர் பச்சைப்பசேலென்று நிற்கும், ரோட்டில் போகிறவர் கண் படும். மண்ணில் துத்தநாகம் குறைவாக இருந்தால் அதே பயிரின் இலையில் துரு நிறத்தில் புள்ளி விழுந்து, வளர்ச்சி நின்றுபோகும். தேவைப்படும் துத்தநாக சல்பேட்டோ ஏக்கருக்குப் பத்து கிலோதான். அந்தப் பத்து கிலோ செய்கிற வேலையை இன்னொரு மூட்டை யூரியா செய்யாது.

பருவமும் முக்கியம். தூர் கட்டும்போது போடவேண்டிய மேலுரத்தைக் கதிர் பால் பிடிக்கும்போது போட்டால், எத்தனை தூர் என்பது அதற்கு முன்பே முடிவாகியிருக்கும். பிறகு பூச்சி. உரமும் தண்ணீரும் கணக்காகக் கொடுத்தாலும் குருத்துப்பூச்சி உள்ளே இருந்தால் விளைவது அதற்குத்தான்.

எதைக் கொடுத்தோம், எப்போது கொடுத்தோம், நடுவில் எது தின்றது. குழந்தையின் ஊட்டச்சத்தும் இந்த மூன்று கேள்விகளில்தான் நிற்கிறது. நம் பொதுப்பேச்சு முழுக்க "எவ்வளவு கொடுத்தோம்" என்ற நாலாவது கேள்வியையே சுற்றிக்கொண்டிருக்கிறது.

## உணவுப் பாதுகாப்பு என்றால் என்ன?

1996இல் ரோம் நகரில் நடந்த உலக உணவு உச்சிமாநாடு இதற்கு ஒரு வரையறை கொடுத்தது. சுறுசுறுப்பாகவும் நலமாகவும் வாழத் தேவையான, கெட்டுப்போகாத, சத்துள்ள உணவு எல்லாருக்கும் எல்லா நேரமும் கைக்கு எட்டும் தூரத்திலும் பைக்கு எட்டும் விலையிலும் கிடைப்பதே உணவுப் பாதுகாப்பு. அதை நான்காகப் பிரித்துப் பார்ப்பது வழக்கம்: ஊரில் உணவு இருக்கிறதா, வீட்டாரால் வாங்க முடிகிறதா, தின்றது உடம்பில் சேர்கிறதா, இதெல்லாம் வருஷம் முழுக்க நிலைக்கிறதா.

முதல் கேள்விக்கும் இரண்டாவதுக்கும் உள்ள இடைவெளியில் லட்சக்கணக்கானவர்கள் செத்திருக்கிறார்கள். 1943 வங்காளப் பஞ்சத்தின்போது தானியம் முன் வருஷங்களைவிட அப்படியொன்றும் படுத்துவிடவில்லை, விலை ஏறி, கூலி ஏறாமல், கூலியாட்களின் வாங்கும் சக்திதான் போனது என்று பொருளாதார அறிஞர் அமர்த்தியா சென் பின்னாளில் காட்டினார். கிடங்கில் இருக்கும் அரிசி தானாக நடந்து வீட்டுக்கு வராது.

தமிழ்நாட்டு ரேஷன் கடை இந்த இரண்டாவது கேள்விக்கான பதில். 2011 ஜூன் முதல் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. அதற்கு முன்பே, 2008இல், கிலோ ஒரு ரூபாய்க்கு வந்துவிட்டது. துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய்க்கும் பாமாயில் 25 ரூபாய்க்கும் கிடைப்பது கூடுதல். 2013இல் வந்த தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் முன்னுரிமைக் குடும்பங்களுக்கு ஆளுக்கு 5 கிலோ தானியம் என்று உறுதி தருகிறது. பருப்பும் எண்ணெயும் அதில் இல்லை. 2016 நவம்பரில் தமிழ்நாடு அந்தச் சட்டத்துக்குள் வந்தபோதும், ஏழைகளுக்கு மட்டும் என்று வேலி போடாமல் அரிசி அட்டை வைத்திருக்கும் எல்லாருக்கும் என்ற பழைய வழக்கத்தைத் தொடர்ந்தது.

"காரில் வந்து ரேஷன் அரிசி வாங்குகிறவனுக்கு ஏன் கொடுக்க வேண்டும்?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் ஏழைகளைப் பட்டியல் போட உட்கார்ந்தால் முதலில் விடுபடுவது அசல் ஏழைதான். வீட்டு முகவரிக்குச் சான்று இல்லாதவர், கணக்கெடுக்க வந்த அன்று வேலைக்குப் போயிருந்தவர், மனு எழுதத் தெரியாதவர். காரில் வருகிறவருக்குப் போகும் அரிசி நஷ்டம். இவர்களுக்குப் போகாத அரிசி அதைவிடப் பெரிய நஷ்டம். எல்லாருக்கும் என்று வைத்ததுதான் இந்தத் திட்டத்தின் பலம் என்பது என் கட்சி.

இலவச அரிசி ஆளைச் சோம்பேறி ஆக்குகிறது என்ற குற்றச்சாட்டையும் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு வீட்டுக்கு மாதம் 20 கிலோ, வெளியில் கிலோ 50 ரூபாய் என்று வைத்தால் மிச்சம் ஆயிரம் ரூபாய். அந்த ஆயிரத்தில் கேஸ் சிலிண்டரும் வாங்கி, வாடகையும் கட்டி, பிள்ளைக்கு ஜுரம் வந்தால் டாக்டருக்கும் கொடுத்துவிட்டு யாரும் திண்ணையில் படுத்திருக்க முடியாது. ஆனால் அந்த ஆயிரம் பருப்புக்கோ முட்டைக்கோ திரும்பினால் அது ஊட்டச்சத்து. கந்துவட்டிக்குத் திரும்பினால் வெறும் மூச்சு விடும் நேரம்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: ரேஷன் கடை பசியை வீட்டு வாசலில் நிறுத்துகிறது. அது பெரிய காரியம். அரிசியோடு என்ன சேர்கிறது, யார் வாயில் போகிறது, உடம்பில் எவ்வளவு நிற்கிறது என்பவை அதற்கு அப்பால் இருக்கின்றன. அவற்றையும் சேர்த்துச் சொல்வதுதான் ஊட்டச்சத்துப் பாதுகாப்பு.

## சோற்றில் இருப்பதும் இல்லாததும்

நூறு கிராம் அரிசியில் சுமார் 350 கலோரியும் ஏழெட்டு கிராம் புரதமும் உண்டு. உழைக்கிற உடம்புக்கு இது நல்ல எரிபொருள். வைட்டமின் ஏ, சி, பி12 என்று தேடினால் அதில் ஒன்றும் இருக்காது. இரும்புச்சத்து பெயருக்கு இருக்கும். இப்படி மில்லிகிராம், மைக்ரோகிராம் அளவில் தேவைப்பட்டாலும் இல்லாவிட்டால் உடம்பின் வேலையே நின்றுபோகிற பொருள்களுக்கு நுண்ணூட்டச்சத்துகள் என்று பெயர். இவற்றின் குறை பசியைப் போலக் கூப்பாடு போடாது. குழந்தை சாப்பிடும், விளையாடும், தூங்கும். சளி மட்டும் அடிக்கடி பிடிக்கும். சோர்வாக இருக்கும். வகுப்பில் கவனம் நிற்காது.

சோறு, சாம்பார், ஒரு கீரை, ஒரு முட்டை, கொஞ்சம் தயிர் என்று தட்டு இருந்தால் இந்தக் குறை பெரும்பாலும் தீர்ந்துவிடும். அரிசிப் புரதத்தில் குறைவதைப் பருப்புப் புரதம் நிரப்புகிறது. சிக்கல் விலையில் இருக்கிறது. முட்டை 6 ரூபாய் என்று வைத்தால்கூட நாலு பேர் வீட்டில் தினம் ஆளுக்கொன்று என்றால் மாதம் 720 ரூபாய். வருமானம் குறையும்போது வீட்டுச் செலவில் எது முதலில் வெட்டுப்படும் என்பதில் ஒரு வரிசை உண்டு: பழம், பால், முட்டை, காய், பருப்பு, கடைசியில்தான் அரிசி. 2023 ஜூலையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டியபோது அரசே ரேஷன் கடைகளில் 60 ரூபாய்க்கு விற்க வேண்டியிருந்தது. அந்த மாதம் எத்தனையோ வீடுகளில் புளி ரசமும் அப்பளமும் வைத்து ஒப்பேற்றினார்கள். வயிறு நிறைந்தது. தட்டு சுருங்கியது.

இரும்புச்சத்து இன்னும் தந்திரமானது. இரத்தத்தில் உயிர்வளியைச் சுமக்கும் ஹீமோகுளோபின் அளவு குறைந்துபோவது இரத்தசோகை. சின்னக் குழந்தைக்கு டெசிலிட்டருக்கு 11 கிராமுக்குக் கீழே போனால் அந்தப் பெயர் வைக்கிறார்கள். "முருங்கைக்கீரை போடுறோமே" என்பார்கள். கீரையில் இருக்கும் இரும்பில் சிறு பங்கைத்தான் குடல் உறிஞ்சும். தானியத்திலும் பருப்பிலும் உள்ள பைட்டேட் என்ற பொருள் அதையும் பிடித்து வைத்துக்கொள்ளும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் அதிலுள்ள துவர்ப்புப் பொருள் மிச்சத்தையும் தடுக்கும். எலுமிச்சையோ நெல்லிக்காயோ கொய்யாவோ கூட இருந்தால் உறிஞ்சுவது கூடும். அதே கீரையில் எலுமிச்சை பிழிந்து, டீயை ஒரு மணி நேரம் தள்ளிப்போட்டால் கூடுதல் செலவில்லாமல் இரும்பு சேரும்.

இதற்காகத்தான் ரேஷன் அரிசியிலேயே சத்தைக் கலக்கும் திட்டம் வந்தது. அரிசி மாவில் இரும்பு, ஃபோலிக் அமிலம், பி12 சேர்த்துப் பிசைந்து, மறுபடி அரிசி வடிவிலேயே வார்த்தெடுத்து, நூறு அரிசிக்கு ஒன்று என்ற கணக்கில் கலப்பார்கள். இது செறிவூட்டப்பட்ட அரிசி. கழுவும்போது நிறம் மாறிய மணிகள் தட்டுப்பட்டதும் "பிளாஸ்டிக் அரிசி" என்று வாட்ஸ்அப்பில் பரவி, பல வீடுகளில் அந்த மணிகளைப் பொறுக்கி எறிந்தார்கள். சத்தை எறிந்துவிட்டு மாவை வைத்துக்கொண்ட கதை. வரப்போவது என்ன என்று கடை வாசலில் முன்கூட்டிச் சொல்லியிருந்தால் பாதி வதந்தி அடங்கியிருக்கும். இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும்: செறிவூட்டல் ஒரு முட்டுக்கொடுப்பு, முட்டைக்கும் கீரைக்கும் மாற்று ஆகாது.

தமிழ்நாட்டுக் கணக்கில் இன்னொரு விசித்திரமும் உண்டு. 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. அதே வயதுப் பெண்களில் 40.4 சதவீதம் பேர் அதிக எடை அல்லது உடல் பருமன் கொண்டவர்கள். இரண்டும் ஒரே வீட்டில், சில சமயம் ஒரே உடம்பில் இருக்கின்றன. மாவும் எண்ணெயும் சர்க்கரையும் மலிவு, மற்றவை விலை. "பார்க்க நல்லாத்தானே இருக்கா" என்ற பேச்சை இதற்குப் பிறகு நம்ப முடியாது.

## பள்ளித் தட்டு செய்த வேலை

இந்த இடத்தில்தான் சத்துணவு வருகிறது. 1956இல் காமராஜர் காலத்தில் மதிய உணவுத் திட்டம் தொடங்கியது. 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவுத் திட்டமாகப் பெரிதாக்கினார். 1989இல் கலைஞர் ஆட்சியில் இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை என்று தொடங்கி, படிப்படியாக உயர்ந்து, 2010இல் பள்ளி நாள் ஒவ்வொன்றுக்கும் ஒரு முட்டை என்றானது. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் மு.க. ஸ்டாலின் காலை உணவைத் தொடங்கினார். உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று மாற்றி மாற்றி வருகிறது. 2023 ஆகஸ்டில் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் விரிந்தது. எந்த ஆட்சி வந்தாலும் முந்தைய ஆட்சி வைத்த தட்டை எடுக்காமல் அதில் இன்னொன்றைச் சேர்த்துப் போனார்கள். நம் அரசியலில் இது அபூர்வம்.

பள்ளித் தட்டின் சிறப்பு, சமைத்த சாப்பாடு நேரே குழந்தையின் கைக்குப் போவது. அரிசியாகக் கொடுத்தால் அது வீட்டுப் பானையில் கலந்துவிடும். பிள்ளை தன் பங்கைத் தின்றதா என்று யாருக்கும் தெரியாது. 2001 நவம்பரில் உச்ச நீதிமன்றம் நாடு முழுதும் அரசுப் பள்ளிகளில் சமைத்த உணவே தரவேண்டும் என்று உத்தரவிட்டது. அதற்கு முன் பல மாநிலங்களில் பிள்ளைகள் தானியத்தைப் பையில் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள்.

காலைச் சாப்பாடும் இப்படித்தான். ஆறு மணிக்கே களை பறிக்கவோ மில்லுக்கோ கிளம்பிவிடும் அம்மாவின் பிள்ளை வெறும் வயிற்றோடு முதல் மணி வகுப்பில் உட்கார்ந்திருந்தது. அதற்குத் தேவைப்பட்டது அந்த நேரத்தில், அந்த இடத்தில், சூடாக ஒரு தட்டு. அது கிடைத்தது.

ஆனால் பள்ளிக்கூடத்துக்கு வரும்போது குழந்தைக்கு ஐந்து வயது. உயரக் குறைவின் பெரும்பகுதி அதற்குள் நடந்து முடிந்திருக்கும்.

## ஆயிரம் நாள்

கரு உண்டான நாளிலிருந்து இரண்டாவது பிறந்தநாள் வரை சுமார் ஆயிரம் நாள். மூளையும் எலும்பும் வேறு எந்த வயதிலும் இல்லாத வேகத்தில் வளரும் காலம் இது. இந்தக் காலத்தில் சத்து தொடர்ந்து குறைந்தாலோ அடுத்தடுத்து நோய் வந்தாலோ, உடம்பு உயிர் காக்கும் வேலையை முதலில் பார்த்துக்கொண்டு வளர்ச்சியைத் தள்ளிப்போடும். அப்படி வயதுக்குரிய உயரத்துக்கு வெகு கீழே நின்றுபோவதுதான் வளர்ச்சிக் குன்றல். உயரத்துக்கு ஏற்ற எடை இல்லாமல் போவது உடல் மெலிவு. மெலிவு சில வாரங்களில் வரும், சரியாகக் கவனித்தால் சில வாரங்களில் போகும், விட்டால் உயிருக்கே ஆபத்து. குன்றல் மெல்ல மெல்ல வருவது, பின்னால் ஈடுகட்டுவது கடினம். குட்டையாக இருப்பது மட்டும் ஒரு குறையில்லை. உயரத்தைக் குறைத்த அதே பற்றாக்குறை மூளையையும் தொட்டிருக்கும் என்பதே கவலை.

"எங்க குடும்பமே குட்டை" என்று இதைத் தள்ளிவிடுகிறவர்கள் நிறைய. 1997 முதல் 2003 வரை உலக சுகாதார நிறுவனம் பிரேசில், கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளில் குழந்தைகளை அளந்தது. நல்ல வசதியில், தாய்ப்பால் குடித்து, புகைக்காத தாய்மாரிடம் வளர்ந்த பிள்ளைகளை மட்டும் எடுத்துக்கொண்டது. ஐந்து வயது வரை டெல்லிப் பிள்ளையும் நார்வேப் பிள்ளையும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் வளர்ந்தார்கள். தனி ஒரு குழந்தை விஷயத்தில் பெற்றோரின் உயரத்துக்குப் பங்கு உண்டு. ஒரு மாநிலத்தின் கால்வாசிக் குழந்தைகள் குன்றியிருப்பதற்கு அது காரணம் ஆகாது.

ஆயிரம் நாளிலும் வழுக்குகிற இடம் ஆறாவது மாதம். அதுவரை தாய்ப்பால் மட்டும் போதும், தண்ணீர்கூட வேண்டாம். அதன் பிறகு தாய்ப்பாலோடு சேர்த்துக் கொடுப்பது இணை உணவு. ஆறு முதல் எட்டு மாதத்தில் தினம் சுமார் 200 கலோரி, ஒன்பது முதல் பதினொன்று வரை 300, இரண்டாம் வயதில் 550 கலோரி இணை உணவிலிருந்து வரவேண்டும். எட்டு மாதக் குழந்தையின் வயிறோ ஒரு டம்ளர் அளவு.

அந்த ஒரு டம்ளரில் நம் வீடுகளில் பெரும்பாலும் எது போகிறது? பருப்புத் தண்ணீர். பருப்பு வேகும்போது மேலே தெளிந்து நிற்பதை வடித்துக் கொடுப்பார்கள். "பிள்ளைக்குச் செரிக்கணுமே" என்ற அக்கறைதான் காரணம். அதில் மஞ்சள் நிறம் இருக்கும், வாசனை இருக்கும். பருப்பு பாத்திரத்தின் அடியில் இருக்கும். குழந்தையின் வயிறு தண்ணீரால் நிறைந்துவிடும், அதற்கு மேல் வாயைத் திறக்காது. டீயில் நனைத்த பிஸ்கட்டும் இதே கதைதான். அடியில் கிடக்கும் கெட்டிப் பருப்பை மசித்து, சோற்றோடு குழைத்து, ஒரு டீஸ்பூன் எண்ணெயோ நெய்யோ விட்டால், அந்த ஒரு டீஸ்பூன் மட்டுமே நாற்பது கலோரிக்கு மேல் தரும். அளவு மாறவில்லை, அடர்த்தி மாறுகிறது. ஸ்பூனைச் சாய்த்தால் உணவு ஒழுகி ஓடக்கூடாது, மெல்ல நழுவ வேண்டும். இதுதான் சோதனை.

கஞ்சியில் இதற்கு ஒரு பழைய வித்தை இருக்கிறது. வெறும் மாவில் கஞ்சி காய்ச்சினால் கொஞ்சம் மாவு போட்டதுமே கூழாக இறுகிவிடும். குழந்தையால் விழுங்க முடியாது, அம்மா தண்ணீர் விட்டு நீர்க்க வைப்பார். கேழ்வரகை முளைகட்டி, காயவைத்து அரைத்தால் முளைக்கும்போது உண்டாகும் நொதி மாவுச்சத்தை உடைத்துவிடும். அதனால் அதே டம்ளர் கஞ்சியில் அதிக மாவு போட்டாலும் நெகிழ்வாகவே இருக்கும். பால்வாடியில் கொடுக்கும் சத்துமாவில் முளைகட்டிய கேழ்வரகு இருப்பதன் சூட்சுமம் இது. பாட்டிமாருக்கு நொதி என்ற பெயர் தெரியாது, வேலை தெரியும்.

2019-21 கணக்கெடுப்பின்படி இந்தியாவில் ஆறு முதல் இருபத்து மூன்று மாதக் குழந்தைகளில் போதுமான வகையும் வேளையும் கொண்ட உணவு கிடைத்தது 11.3 சதவீதம் பேருக்குத்தான். மீதிப் பேர் எல்லாரும் அரிசி வாங்க வழியில்லாதவர்கள் இல்லை. வசதியான வீடுகளும் இந்தக் கணக்கில் உண்டு.

சுருக்கமாக: மலிவான தானியம் வீட்டை எட்டிவிட்டது, பள்ளி முட்டை ஐந்து வயதுக்கு மேல் எட்டுகிறது. வளர்ச்சி தீர்மானமாகும் ஆறு மாதம் முதல் இரண்டு வயது வரையான காலத்தில்தான் ஓட்டை.

## தின்றதைத் தின்னும் நோய்

நல்ல சாப்பாடு கொடுத்தும் எடை ஏறாத குழந்தைகள் உண்டு. குடிதண்ணீரும் கழிப்பிடமும் சரியில்லாத இடத்தில் தவழும் குழந்தை மண்ணோடு கிருமியையும் வாயில் போடுகிறது. வயிற்றுப்போக்கு வந்தால் தின்றது தங்காது, குடலின் உட்சுவர் சேதமாகி அடுத்த நாட்களிலும் சத்து சரியாக ஏறாது, மெலிந்த உடம்பை அடுத்த கிருமி சுலபமாகப் பிடிக்கும். இப்படி ஒரு சுழல்.

இங்கே நாம் செய்யும் பெரிய தப்பு, "வயித்தால போகுது, ஒண்ணும் கொடுக்காதே" என்று வாயைக் கட்டுவது. தாய்ப்பாலையும் உணவையும் நிறுத்தவே கூடாது. உப்புச் சர்க்கரைக் கரைசலும், டாக்டர் சொல்லும் நாள்வரை துத்தநாக மாத்திரையும் வேண்டும். நோய் விட்ட பிறகு இரண்டு வாரம் தினம் ஒரு வேளை கூடுதலாகக் கொடுக்க வேண்டும். பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் கொடுக்கும் பூச்சி மாத்திரையும் இந்தக் கணக்கில் சேர்ந்ததுதான்.

## ஊட்டும் கை யாருடையது?

இதுவரை சொன்னதைக் கேட்டால் "அம்மாவுக்குச் சொல்லிக்கொடுத்தால் போதும்" என்று தோன்றும். விழிப்புணர்வு முகாம்கள் எல்லாம் இந்த நம்பிக்கையில்தான் நடக்கின்றன. ஒரு வயதுக் குழந்தைக்கு மூன்று நாலு வேளை சாப்பாடும் நடுவில் தின்ன ஒன்றிரண்டும் வேண்டும். ஒவ்வொரு வேளைக்கும் அரை மணி நேரம், நிலாவைக் காட்டியோ காக்காயைக் காட்டியோ ஊட்ட ஓர் ஆள் வேண்டும். செங்கல் சூளையிலும் கட்டட வேலையிலும் இருக்கும் அம்மாவுக்கு அந்த நேரம் எங்கே? குழந்தை ஏழெட்டு வயது அக்காவிடமோ, கண் மங்கிய பாட்டியிடமோ இருக்கும். அழுதால் பத்து ரூபாய் பாக்கெட் ஒன்று கைக்கு வரும். அந்த வீட்டில் இல்லாதது அறிவு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பெரிய நிறுவன வேலையில் இருப்பவருக்கு 2017 முதல் 26 வாரம் சம்பளத்தோடு பேறுகால விடுப்பு உண்டு. களை பறிப்பவருக்கு அது இல்லை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் பணமும் ஊட்டச்சத்துப் பெட்டகமுமாக 18,000 ரூபாய் மதிப்புக்குக் கிடைக்கிறது. நல்ல திட்டம். ஆனால் அந்தத் தொகை சில மாதக் கூலிக்குத்தான் ஈடாகும், குழந்தைக்கு ஆறு மாதம் முடியும்போது அம்மா மறுபடி வேலையில் இருப்பார். 2005இல் வந்த நூறு நாள் வேலைச் சட்டத்தில் ஒரு விதி எழுதப்பட்டது: வேலையிடத்துக்கு ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட சின்னக் குழந்தைகள் வந்தால், அவர்களைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை அமர்த்தி அவருக்கும் கூலி கொடுக்க வேண்டும். புளியமரத்தில் சேலைத் தூளி கட்டிக் குழந்தையைப் போட்டுவிட்டு மண் சுமந்தவர்களில் எத்தனை பேருக்கு இந்த விதி தெரிந்திருக்கும்?

இன்னொரு பக்கம், அந்த அம்மாவே வீட்டில் கடைசியாகச் சாப்பிடுகிறவர். குழம்பில் காய் தீர்ந்த பிறகு அவர் தட்டுக்கு வருவது சாறும் சோறும். இரத்தசோகையோடு கர்ப்பம் தரித்தால் குழந்தை எடை குறைந்து பிறக்க வாய்ப்பு கூடுகிறது. ஆயிரம் நாள் கணக்கு தொடங்கும் இடம் அம்மாவின் தட்டு.

## பால்வாடியில் என்ன கேட்கலாம்?

1975 அக்டோபர் 2 அன்று தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டத்தின் கடைசிக் கண்ணிதான் நம் தெரு அங்கன்வாடி. ஓட்டையை அடைக்கும் இடத்தில் இருப்பது இது ஒன்றே. இரண்டு வயதுக்கு மேல் பிள்ளை அங்கே வந்து சூடாகச் சாப்பிடும். அதற்குக் கீழே உள்ள குழந்தைக்குச் சத்துமாவு பாக்கெட்டாக வீட்டுக்குப் போகும். கோதுமை, முளைகட்டிய கேழ்வரகு, கடலை, வெல்லம், வைட்டமின்கள் எல்லாம் சேர்ந்த நல்ல மாவு. வீட்டுக்குப் போனதும் அது அடையாகவோ உருண்டையாகவோ மாறி வீடு முழுவதும் பங்காகிவிடுவது நடைமுறை. பெரிய பிள்ளைக்குக் கொடுக்காமல் சின்னதுக்கு மட்டும் எப்படிக் கொடுப்பது? அரிசி மூட்டைக்கு நேர்ந்த அதே கதி, சின்ன அளவில். மிகச் சின்னக் குழந்தைக்கும் உட்கார்ந்து ஊட்ட ஆளோடு கூடிய பகல் காப்பகமாக அங்கன்வாடி மாறினால்தான் இது தீரும் என்று நினைக்கிறேன். அதற்குக் கூடுதல் ஊழியர் வேண்டும், சம்பளம் வேண்டும். அதனால்தான் இலவச அரிசியைவிட இது மெதுவாக நகர்கிறது.

1980இல் உலக வங்கி உதவியோடு தமிழ்நாட்டில் நடந்த ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் ஒரு பாடம் விட்டுப்போயிருக்கிறது. ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையான குழந்தைகளை மாதாமாதம் எடை போட்டார்கள். எடை ஏறாத குழந்தையை உடனே கண்டுபிடித்து, குறிப்பிட்ட நாட்களுக்கு மட்டும் கூடுதல் உணவு கொடுத்து, தேறியதும் நிறுத்தினார்கள். கடுமையான சத்துக்குறை கணிசமாகக் குறைந்தது. அந்தத் திட்டத்தின் ஆயுதம் தராசுதான்.

அந்தத் தராசு இன்றும் அங்கன்வாடியில் இருக்கிறது. மாதம் ஒருமுறை குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய் எடை போடச் சொல்லலாம், உயரத்தையும் அளக்கச் சொல்லலாம். வளர்ச்சி அட்டையில் புள்ளி எங்கே விழுகிறது என்பதைவிட, போன மாதப் புள்ளியோடு சேர்த்துக் கோடு எந்தப் பக்கம் போகிறது என்று கேட்க வேண்டும். மேலே ஏறினால் சரி. படுத்திருந்தால் சாப்பாட்டையும் சமீபத்திய நோயையும் பற்றிப் பேச வேண்டும். இரண்டு மாதம் படுத்திருந்தாலோ கீழே இறங்கினாலோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போக வேண்டும். ஆறு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தையின் மேற்கையைச் சுற்றி அளக்கும் மூன்று நிற நாடாவும் அங்கே கிடைக்கும். 12.5 சென்டிமீட்டருக்கு மேல் பச்சை, 11.5 வரை மஞ்சள், அதற்குக் கீழே சிவப்பு. சிவப்பு காட்டினால் அன்றைக்கே மருத்துவமனை.